சுத்திகரிப்பு நிலையத்தின் மின்நுகர்வு: முதலில் குறைப்பதா, உயிர்வாயுவிலிருந்து மின்சாரம் எடுப்பதா?

கேள்வி: நிலைய இயக்கப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இயக்கப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தற்போது சராசரியாக 1.4 கோடி லிட்டர், அதாவது 14,000 கன மீட்டர் கழிவுநீர் வருகிறது. அழுக்கை அடியில் படியவைக்கும் முதல்நிலை கிளாரிஃபையர், காற்றூட்டல் தொட்டி, இரண்டாம் நிலை கிளாரிஃபையர், படிந்த கசடைக் காற்றில்லாமல் செரிக்க 2,000 கன மீட்டர் டைஜெஸ்டர் என்று வழக்கமான அமைப்புதான். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 7,700 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு 0.55 யூனிட் ஆகிறது.

காற்றை அழுத்திக் காற்றூட்டல் தொட்டிக்குள் தள்ளும் ரூட்ஸ் வகைப் புளோயர்கள் மூன்று உள்ளன. அவற்றில் இரண்டு இரவும் பகலும் ஓடுகின்றன. காற்றூட்டல் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் பகலில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு வரத்து குறைவதால் அது 4.5 வரை ஏறிவிடுகிறது. அப்போது மிகுதிக் காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்து விடுகிறோம். டைஜெஸ்டரில் நாளொன்றுக்கு 600 கன மீட்டர் உயிர்வாயு (பயோகாஸ்) கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி கசடைச் சூடாக்கும் கொதிகலனுக்கே போய்விடுகிறது, மிஞ்சும் கொஞ்சத்தை எரித்துவிடுகிறோம். அவ்வளவு எரித்தும் டைஜெஸ்டரின் வெப்பநிலை 33 டிகிரியைத் தாண்டுவதில்லை.

உயிர்வாயுவில் ஓடும் எஞ்சின் ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு சாராரும், கூரைகளிலும் தொட்டிகளின் மேலும் சூரிய மின்தகடுகள் போதும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எதை வாங்குவதற்கும் முன்னால் நிலையத்துக்குள்ளேயே சரிசெய்ய வேண்டியவை இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் அதை எண்களோடு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காற்றூட்டல் பணியில் இருப்பவர்

வணக்கம் ஐயா. உங்கள் எண்ணம் சரியானதே. செயலூட்டிய கசடு முறையில் இயங்கும் எந்த நிலையத்தை எடுத்துக்கொண்டாலும், மொத்த மின்சாரத்தில் பாதிக்குமேல் காற்றூட்டலுக்குப் போவதுதான் வழக்கம். மான்செஸ்டரின் டேவிஹுல்ம் நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் 1914-ல் இந்த முறையை உருவாக்கிய நாள்முதல் இன்றுவரை, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜனை ஊட்டுவதே இதன் உயிர்நாடி. செலவின் மூலமும் அதுவே. உங்கள் 7,700 யூனிட்டில் 4,500-க்குக் குறையாமல் அந்த இரண்டு புளோயர்களுக்குப் போகும் என்று நினைக்கிறேன். நினைப்பது போதாது என்பதால், புளோயர், நீரேற்று பம்ப், கசடு பம்ப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்மீட்டர் பொருத்துவதை முதல் வேலையாகக் கொள்ளுங்கள். ஒரே ஒரு பொது மீட்டரை வைத்துக்கொண்டு மின்சாரத்தைக் குறைக்கப் பார்ப்பது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போலாகும்.

இரவில் நீங்கள் திறந்து விடும் வால்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வால்வுக்கு அருகில் நின்று கேட்டால் வரும் சீற்றம் முழுவதும், மின்சாரம் கொடுத்து அழுத்திய காற்று வானத்துக்குப் போகும் ஓசைதான். அதோடு சேர்த்து, தொட்டிக்குள் போகும் காற்றிலும் வீண் இருக்கிறது. நீர் எவ்வளவு ஆக்சிஜனைத் தாங்குமோ அந்த எல்லைக்கும், ஏற்கெனவே அதில் கரைந்திருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் ஆக்சிஜனை நீருக்குள் தள்ளுகிறது. 25 டிகிரியில் தூய நீரின் எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம். தொட்டியில் 2 இருந்தால் இடைவெளி 6.3; 4.5 இருந்தால் வெறும் 3.8. ஆகவே அதே அளவு ஆக்சிஜனை நுண்ணுயிர்களிடம் சேர்க்க, இரவில் நீங்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் காற்றைச் செலுத்துகிறீர்கள். அந்த மிகுதியால் நீரின் தரம் சிறிதும் உயரவில்லை.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தி, ஆக்சிஜன் உணரியின் அளவீட்டுக்கேற்பப் புளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே இதற்கு வழி. ஆனால் கசடு அடியில் படிந்துவிடாமல் கலங்கி நிற்பதற்கென்று ஒரு குறைந்தபட்சக் காற்று வேண்டும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த வரம்பையும், வேகத்தைக் குறைக்கும்போது ரூட்ஸ் புளோயர் சூடேறும் வரம்பையும் கணக்கில் கொண்டாலும், காற்றூட்டல் செலவில் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்ப்பதில் மிகையில்லை.

உணரியைப் பற்றி ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தானியங்கிக் கட்டுப்பாடு போட்ட பிறகும் மின்சாரம் குறையவில்லை என்று ஒரு நிலையத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். திரையில் ஆக்சிஜன் 1.1 என்று காட்டியது. புளோயர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உணரியைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தால், அதன் முனையில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். அந்தப் படலத்தில் குடியேறிய நுண்ணுயிர்கள், உணரியைச் சென்று சேர வேண்டிய ஆக்சிஜனை வழியிலேயே தின்றுகொண்டிருந்தன. ஈரத்துணியால் துடைத்து மறுபடி இறக்கிய இரண்டே நிமிடத்தில் 3.8 என்று காட்டியது. வாரம் ஒருமுறை துடைக்க ஆளில்லாத இடத்தில், தானியங்கிக் கட்டுப்பாடே மின்சாரத்தை விழுங்கும்.

தொட்டியின் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களையும் பாருங்கள். நுண்குமிழி டிஃப்யூசர்கள் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தூய நீரில் 6 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜனைக் கரைப்பவை. பெருங்குமிழி வகை அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. நுண்குமிழி வகையின் சவ்வுத் துளைகள் அடைபட அடைபட, காற்றுக்குழாயின் அழுத்தம் ஏறும். தொட்டியின் ஆழம் 5 மீட்டர் என்றால் 500 மில்லிபார் அழுத்தம் நீரின் எடைக்கே வேண்டும். அடைப்பால் இன்னும் 60 மில்லிபார் கூடினால், அதே காற்றுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் மின்சாரம் செலவாகும். அழுத்தமானியைத் தினமும் குறித்து வைத்தால், எப்போது கழுவ வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மறுமொழி 2: மின்பொறியாளர்

வி.எஃப்.டி. பற்றிய கருத்தை வழிமொழிகிறேன். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒன்றாகும் என்ற கன விதியின்படி, இங்கே கிடைக்கும் சேமிப்பு மேலே சொன்னதைவிட மிக அதிகமாகவே இருக்குமல்லவா? நிர்வாகத்திடம் அந்த எண்ணையே எடுத்துச் சொல்லலாமே.

மறுமொழி 3: காற்றூட்டல் பணியில் இருப்பவர்

அருள்கூர்ந்து அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். கன விதி, குழாய் உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் விசிறிகளுக்கும் மையவிலக்கு பம்புகளுக்கும் பொருந்தும். இங்கே புளோயர் எந்த வேகத்தில் ஓடினாலும், அது தள்ள வேண்டிய நீரின் ஆழம் மாறுவதில்லை. ரூட்ஸ் வகையில் வேகத்துக்கு நேர்விகிதத்தில் காற்றும், ஏறக்குறைய அதே விகிதத்தில் மின்சாரமும் குறையும். வேகம் 65 விழுக்காடு என்றால் சேமிப்பு 35 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஆழமான கிணற்றிலிருந்து உயரத்துக்கு ஏற்றும் பம்புகளுக்கும் கன விதி முழுமையாகப் பொருந்தாது. மின்சாரம் எட்டில் ஒன்றாகும் என்று வாக்குக் கொடுத்து, கருவியைப் பொருத்திய பின் மூன்றில் ஒரு பங்கு சேமிப்பை மட்டும் காட்டினால், நல்ல பணியும் தோல்வியாகத் தெரியும். அதன் பிறகு அடுத்த பணிக்கு ஒப்புதல் கிடைக்காது. இப்படி நின்றுபோன திட்டங்களைக் கண்டு வருந்தியவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி 4: கசடு, உயிர்வாயுப் பிரிவைக் கவனிப்பவர்

காற்றூட்டல் பற்றி மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் டைஜெஸ்டரைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 600 கன மீட்டர் என்ற எண்.

கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள் ஓர் எரிபொருள். கரிமப் பொருளை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனைக் கொண்டு அளப்பதே சி.ஓ.டி.; ஒரு கிலோ சி.ஓ.டி.யில் ஏறத்தாழ 14 மெகாஜூல், அதாவது 3.9 யூனிட் அளவுக்கு வேதி ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 450 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள சாதாரண வீட்டுக் கழிவுநீர் என்றால், ஒரு கன மீட்டரில் 1.7 யூனிட்டுக்கு மேல் ஆற்றலோடு அது உங்கள் வாசலுக்கு வருகிறது. நீங்கள் செலவிடுவதோ 0.55 யூனிட். அந்த எரிபொருளைக் காற்றூட்டல் தொட்டிக்குள் விட்டால், அதை எரித்து முடிக்க நாம் மின்சாரம் கொடுக்கிறோம். அதற்கு முன்பே கசடாகப் பிடித்து டைஜெஸ்டருக்கு அனுப்பினால், அது நமக்கு மீத்தேன் கொடுக்கிறது. முதல்நிலை கிளாரிஃபையரில் பிடிபடும் ஒவ்வொரு கிலோவும் இப்படி இருபுறமும் நன்மை செய்வதால், ஆற்றலைப் பொறுத்தவரை நிலையத்தின் மிக முக்கியமான இடம் அந்தக் கிளாரிஃபையர்தான் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், முதல்நிலைக் கசடும் இரண்டாம் நிலைக் கசடும் சேர்ந்து நாளொன்றுக்கு 3,200 கிலோ அளவில் உலர் திடப்பொருள் டைஜெஸ்டருக்கு வர வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ 1,000 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்க வேண்டும். உங்களுக்கு 600 மட்டுமே கிடைக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், கசடு நீர்த்துப்போய் வருவதுதான். கசடில் திடப்பொருள் 1.5 விழுக்காடு மட்டுமே என்றால், 3,200 கிலோவைச் சுமந்துகொண்டு 213 கன மீட்டர் சேறு ஒவ்வொரு நாளும் உள்ளே போகிறது. 2,000 கன மீட்டர் டைஜெஸ்டரில் அது தங்கும் காலம் ஒன்பதரை நாள்தான். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. 35 டிகிரியில் அவற்றுக்குப் பாதுகாப்பாக 15 நாளுக்குமேல் வேண்டும். ஒன்பது நாளில் அவை பெருகும் வேகத்துக்கு ஈடாகவே வெளியே அடித்துச் செல்லப்படுகின்றன.

அதே கசடை 4 விழுக்காட்டுக்குக் கெட்டியாக்கி அனுப்பினால், 80 கன மீட்டர்தான் உள்ளே போகும். தங்கும் காலம் 25 நாளாகும். கொதிகலன் பிரச்சினையும் இதோடு தீரும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். 24 டிகிரியில் வரும் 213 கன மீட்டரை 37 டிகிரிக்கு ஏற்ற 3,200 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. உங்கள் வாயு முழுவதிலும் இருப்பதே ஏறத்தாழ 3,600 யூனிட்தான். 80 கன மீட்டருக்கோ 1,200 யூனிட் போதும். இப்போது நீங்கள் வாயுவை எரித்துச் சூடாக்குவதில் பெரும்பங்கு, கசடோடு சேர்ந்து வரும் வெறும் தண்ணீரை.

ஆகவே எஞ்சின் வாங்குவது பற்றிய முடிவைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். 600-ஐ நம்பி வாங்கினால் எஞ்சின் சிறியதாகிவிடும். கொதிகலனுக்குப் போனது போக மிஞ்சுவதை நம்பினால் எஞ்சினே வேண்டியதில்லை என்று தோன்றும். 1,000 கன மீட்டர் நிலையாக வரத் தொடங்கினால், அதிலுள்ள 6,000 யூனிட் ஆற்றலில் 36 விழுக்காடு மின்சாரமானாலும் நாளொன்றுக்கு 2,100 யூனிட் கிடைக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலும் புகையிலும் வரும் வெப்பமே டைஜெஸ்டரைச் சூடாக்கப் போதும், கொதிகலனுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடையும் சிலாக்சேன்களையும் நீக்காமல் வாயுவை எஞ்சினுக்குள் விடவே கூடாது. ஷாம்பூ, அழகுப் பொருள்களிலிருந்து கழிவுநீருக்கு வரும் சிலாக்சேன், எஞ்சினுக்குள் எரிந்து மணல் போன்ற சிலிக்காவாக வால்வுகளிலும் பிஸ்டன் தலையிலும் படியும். அப்படிப் படிந்த ஒரு வால்வைக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது.

ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையத்தைப் பற்றி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தன் மின்தேவையில் 1996-ல் பாதியளவே உற்பத்தி செய்த அந்த நிலையம், 2005-ல் 108 விழுக்காட்டை எட்டியது. கரிமப் பொருளின் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே விரைவாகக் கசடாகப் பிடித்துவிடும் இரண்டு கட்ட அமைப்பு, சீரான காற்றுக் கட்டுப்பாடு, திறன்மிக்க எஞ்சின் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துதான் அங்கே வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் ஓக்லாந்தில் உள்ள நிலையமும் தன் தேவைக்குமேல் உற்பத்தி செய்கிறது. ஆனால் அது உணவுக் கழிவு, எண்ணெய்க் கழிவு முதலியவற்றை வெளியிலிருந்து லாரிகளில் பெற்றுச் செரிக்கிறது. அந்த எண்ணை உங்கள் நிலையத்துக்கு அப்படியே இலக்காக வைப்பது முறையாகாது.

மறுமொழி 5: சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வாளர்

இரண்டு எச்சரிக்கைகளையும் ஒரு வாய்ப்பையும் சேர்க்க விரும்புகிறேன்.

காற்றைக் குறைக்கும்போது அம்மோனியாவைத் தொடர்ந்து அளந்து வாருங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் போதாமல் அந்த மாற்றம் பாதியில் நின்றால், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு கூடுதலாக உண்டாகக்கூடும்; நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு புவியைச் சூடாக்குவது. மீத்தேனும் அப்படியே, ஏறத்தாழ 28 மடங்கு. டைஜெஸ்டர் கூரையில் ஒரு கசிவு இருந்தாலும், அரும்பாடுபட்டுச் சேமித்த மின்சாரத்தின் சூழல் நன்மை அந்த வழியே போய்விடும். தொட்டியின் தொடக்கத்தில் காற்றில்லாப் பகுதி ஒன்றை அமைக்க இடமிருந்தால், நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனையே நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 2.86 கிராம் ஆக்சிஜன் இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

டைஜெஸ்டர் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால், கசடைப் பிழியும்போது வரும் நீரில் அம்மோனியா மிகுந்திருக்கும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். அளவில் சிறியதானாலும், மொத்த நைட்ரஜன் சுமையில் 15 முதல் 20 விழுக்காட்டை அது திரும்பக் கொண்டுவரும். இந்த நீரைத் தனியே, ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் அனாமாக்ஸ் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்தால், அந்தப் பங்குக்கான காற்றுத் தேவை 60 விழுக்காடு வரை குறையும். ராட்டர்டாமில் 2002-ல் முதன்முதலாக முழு அளவில் நிறுவப்பட்டது இந்த முறைதான். உடனே செய்ய வேண்டியதில்லை. அதுவரை, அந்த நீரை ஒரு தொட்டியில் தேக்கி, வரத்து குறைந்த இரவு நேரத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். பகலின் உச்சச் சுமையும் குறையும், இரவில் வீணாகும் காற்றுக்கும் வேலை கிடைக்கும்.

வாய்ப்பு என்று சொன்னது வெப்பத்தை. சுத்திகரித்து வெளியேறும் உங்கள் 14,000 கன மீட்டர் நீரை 3 டிகிரி மட்டும் குளிர்வித்தால், 48,000 யூனிட்டுக்கு மேல் வெப்பம் எடுக்கலாம். உங்கள் உயிர்வாயுவின் மொத்த ஆற்றலைப்போல அது பல மடங்கு. ஹெல்சிங்கியில் சுத்திகரித்த கழிவுநீரின் வெப்பத்தை வெப்ப பம்புகளால் உயர்த்தி நகரின் கட்டடங்களுக்குக் குழாய்வழி அனுப்புகிறார்கள். ஆனால் இது தாழ்ந்த தரமுள்ள வெப்பம். அருகிலேயே அதைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ள ஒரு கட்டடமோ தொழிற்கூடமோ இருந்தால்தான் பொருளுண்டு. எடுத்தாலும் வெளியேறும் நீரில்தான் எடுக்க வேண்டும். உள்ளே வரும் நீரைக் குளிர்வித்தால் நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும்.

சூரிய மின்தகடுகளை நான் எதிர்க்கவில்லை. அவை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கக்கூடியவை. இரவில் திறந்து கிடக்கும் வால்வை அவை மூடப்போவதில்லை.

மறுமொழி 6: நிலைய இயக்கப் பொறுப்பாளர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

மறுமொழி 4-ஐப் படித்த மறுநாளே கசடின் திடப்பொருளை ஆய்வகத்தில் அளக்கச் சொன்னேன்; 1.6 விழுக்காடு வந்தது. முதல்நிலைக் கசடு பம்ப் ஒவ்வொரு மணியிலும் இருபது நிமிடம் ஓடும்படி என்றோ அமைத்தது அப்படியே இருந்தது. பார்வைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, முதல் ஆறேழு நிமிடம் கருமையாகக் கெட்டியாக வந்த கசடு, பிறகு சாம்பல் நிறத் தண்ணீராக மாறியது. எட்டு நிமிடமாகக் குறைத்தோம். இப்போது 3.4 விழுக்காடு இருக்கிறது. வெப்பநிலை மெதுவாக 36 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. உயிர்வாயு கடந்த வாரச் சராசரியாக 780 கன மீட்டர். ஒரு பொருளும் வாங்காமல் கிடைத்த பலன் இது.

இரவில் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை ஒரே புளோயரை ஓட்டிப் பார்த்தோம். ஆக்சிஜன் 1.8-க்குக் கீழே போகவில்லை. காலையில் எடுத்த மாதிரியில் அம்மோனியாவும் கூடவில்லை. தனி மீட்டர்களுக்கும் ஒரு வி.எஃப்.டி.க்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. சேமிப்பைப் பற்றிக் கேட்டபோது மூன்றில் ஒன்றுக்கு மேல் நான் சொல்லவில்லை. கசடை இன்னும் கெட்டியாக்க, கிளாரிஃபையரிலேயே அதைக் கூடுதல் நேரம் தேக்கி வைக்கலாமா என்று மட்டும் தெரிய வேண்டும்.

மறுமொழி 7: கசடு, உயிர்வாயுப் பிரிவைக் கவனிப்பவர்

மிகவும் மகிழ்ச்சி ஐயா. கிளாரிஃபையரில் அதற்கு மேல் தேக்க வேண்டாம். கசடு அங்கேயே புளிக்கத் தொடங்கினால் வாயுக் குமிழிகளோடு கட்டிகட்டியாக மேலே மிதந்து வரும். கரைந்துபோன கரிமப் பொருள் மறுபடியும் காற்றூட்டல் தொட்டிக்கே போய்விடும். 4 விழுக்காட்டை எட்ட வேண்டுமானால், இரண்டாம் நிலைக் கசடைத் தனியே ஒரு டிரம் வடிகட்டியில் கெட்டியாக்குங்கள். கலவையை நீர்க்கச் செய்வது பெரும்பாலும் அதுதான். உயிர்வாயு கூடுவதால், எரிப்பான் குழாயில் வாயுவோடு வரும் நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறிகளையும் அழுத்தத் தளர்வு வால்வையும் இந்த வாரமே சோதித்துவிடுங்கள். எஞ்சினுக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன், ஹைட்ரஜன் சல்பைடு அளவைக் குறைந்தது மூன்று மாதம் வாரந்தோறும் குறித்து வையுங்கள். வாயுவைச் சுத்திகரிக்கும் அமைப்பு எவ்வளவு பெரியதாக வேண்டும் என்பதை அந்தப் பதிவைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.